வாய்ப்புண்ணுக்கும் தவணையா?

வன்னிப் பெருநிலத்தின் குறைகளை இவ்விதழ் வாரந்தோறும் எடுத்துரைத்து வருகிறது. காணியைப்பற்றி எழுதினோம், குளத்து நீரைப்பற்றி எழுதினோம், நெல்லுக்கு உரிய விலையைப்பற்றி எழுதினோம். இவ்வாரம் வாய்ப்புண்ணைப்பற்றியும் தொண்டை நோவைப்பற்றியும் எழுதப் புகுகின்றோம். ஓர் அரசியல் ஏட்டின் தலையங்கத்துக்கு இதுவும் ஒரு பொருளா என்று நகைப்போர் நகைக்கட்டும். இந்நாட்டு ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் நெடுங்காலமாக முதலிடத்தில் நிற்கிறது. பள்ளிப் பிள்ளையின் தொண்டையிலே தொடங்கும் ஒருவகை நோவு, உரிய காலத்தில் மருந்து பெறாவிடின் இதயத்தின் வால்வுகளைச் சிதைத்து, அப்பிள்ளை தாயாகும் வயதிற் பிரசவக் கட்டிலில் வைத்து உயிரைக் கேட்கிறது. இவ்விரு நோய்களும் முதன்முதல் வந்து நிற்பது கொழும்பிலுள்ள பெரிய வைத்தியசாலையின் வாசலில் அன்று. கிராமத்து வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசையிலேயே. அங்கே அவற்றுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? கிடைக்கும் வெளிச்சம் எவ்வளவு? இஃது அரசியல் அன்றெனின் வேறெது அரசியல்?

நீதிமன்றத்திலே தவணை கேட்பது வழக்குரைஞர்க்கு இயல்பு. எதிரி வரவில்லை, சாட்சி வரவில்லை, உறுதி கிடைக்கவில்லை என்று காரணங்காட்டித் தவணை பெறலாம். காணி வழக்கொன்று இருபது ஆண்டு தவணையிற் கிடந்தாலும், காணி கிடந்த இடத்திலேயே கிடக்கும். வாய்க்குள் இருக்கும் புண் அவ்வாறு கிடப்பதில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கமக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர். இளமை தொட்டு வெற்றிலை போடுபவர். இடக் கொடுப்பிலே ஒரு புண். நோவு இல்லை, உறைப்புப் பட்டால் மட்டும் எரிகிறது. காலபோக விதைப்புக் காலம் ஆகையால் மணத்தக்காளி இலையை மென்று பார்க்கிறார். ஒரு மாதம் கழிகிறது. வைத்தியசாலைக்குப் போகிறார், வரிசையிலே நூறு பேர். "என்ன வருத்தம்?" "வாய்ப்புண் ஐயா." விற்றமின் மாத்திரையும் பூச்சு மருந்தும் எழுதப்படுகின்றன. வாயைத் திறக்கும்படி எவரும் கேட்டாரில்லை. இரண்டாம் முறை வேறொரு வைத்தியர்; அதே மாத்திரை. மூன்றாம் முறை போக எண்ணுகையில் அரிவுவெட்டு வந்துவிடுகிறது. கழுத்திலே கட்டி எழும்பிய பின்னரே யாழ்ப்பாணத்துக்குத் துண்டு எழுதப்படுகிறது. மூன்று தவணை, ஐந்து மாதம். இப்படியொருவரைத் தம் ஊரிலே கண்டிராத வாசகர் சிலரே இருப்பர்.

வைத்தியரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. ஒரு முற்பகலில் நூறு பேரைப் பார்க்கும்படி ஒரு மனிதரை இருத்திவிட்டு, ஒவ்வொருவர் வாயையும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது அறமாகாது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்து குறைந்தது. வைத்தியர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். எஞ்சி நின்று உழைப்போர் நன்றிக்குரியோர். ஆயினும் இந்நோய்களைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு ரோச் லைற், நாவை அழுத்த ஒரு மரத்துண்டு, நாவைப் பிடித்து இழுக்க ஒரு துணித்துண்டு, கையுறை, இரண்டு மூன்று நிமிடம். இவையே கருவிகள். இவை இல்லாத வைத்தியசாலையை மாளிகையாகக் கட்டி என்ன பயன்?

வாய்ப்புண் எல்லாம் ஒன்றன்று. கன்னத்தின் உட்புறத்திலோ உதட்டின் உட்புறத்திலோ சிறிய வட்டமாக, நடுவில் மஞ்சளும் ஓரத்திற் சிவப்புமாகத் தோன்றிக் கடுமையாக நோகும் புண் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் தானே ஆறும். அதற்கு உப்புநீர் கொப்பளிப்பும் நோவைத் தணிக்கும் பூச்சும் போதும். எமது பாட்டிமார் கொடுத்த மணத்தக்காளியையும் தேங்காய்ப்பாலையும் நாம் பழிக்கவில்லை. அவை இதந் தருவன. (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தடவுதல் மட்டும் ஆகாது, அதனால் வரும் நச்சுநோய் உயிரைக் கொல்லவல்லது.) இப்புண் அடிக்கடி திரும்பி வருமாயின் இரத்தத்தில் இரும்புச்சத்தோ, போலிக் அமிலமோ, விற்றமின் பி12ஓ குறைந்திருக்கலாம், இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும். கடைவாய் இரண்டும் வெடித்தால் அங்கும் அக்குறைவோ பூஞ்சணமோ காரணமாகும். குழந்தையின் நாவிலும் நீரிழிவுடையோரின் வாயிலும் தயிர்போலப் படிந்து, துடைத்தால் நீங்கும் வெண்மை பூஞ்சணமேயாகும். அதற்கு வேறு மருந்து. இளைப்புக்கு மருந்துப் பம்பு இழுப்போர் ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளித்தால் அது வராது. உடைந்த பல்லின் கூர்முனை உரசுவதாலும், பொருந்தாத பொய்ப்பல் அழுத்துவதாலும் உண்டாகும் புண்ணுக்கு மருந்து பல் வைத்தியரின் அரமே.

கமக்காரர்க்கு உரிய ஒன்றையும் இங்கே சொல்லிவிடுதல் நலம். தெளிகருவியின் துளை அடைத்துக்கொண்டால் அதனை வாயால் ஊதித் திறக்கும் வழக்கம் எமது வயல்களில் உண்டு. அதனை இன்றே கைவிடுக. பரகுவாற் என்னும் களைகொல்லி வாயையும் தொண்டையையும் வெந்த புண்ணாக்கிவிட்டு, ஓரிரு நாள் ஆளை நலமுடையவர்போற் காட்டி, பின்னர் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் அழித்த கொடுமையை நாம் கண்டோம். 2008 முதல் 2011 வரை படிப்படியாக அது இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. எனினும் எந்த நாசினியாயினும் வாயிற் பட்டு எரிவு கண்டால், அதனை வாய்ப்புண்ணென எண்ணி வீட்டிலே இருத்தலாகாது. போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

இனி அஞ்சத்தக்க புண்ணுக்கு வருவோம். நோகும் புண்ணுக்கு அஞ்சி நோவில்லாத புண்ணை மறந்திருப்பது மனித இயல்பு. வாய்ப்புற்றுநோயோ தொடக்கத்திற் பெரும்பாலும் நோவதில்லை. துடைத்தாலும் நீங்காத வெண்படை, பட்டுத்துணி போன்ற செம்படை, விளிம்பு தடித்துத் தொட்டாற் கல்லாக இருக்கும் புண், பல் பிடுங்கிய குழி ஆறாமை, நாவை நீட்டவோ விழுங்கவோ இடர்ப்பாடு, காதிலே குற்றமில்லாதிருக்கக் காதுக்குத்து, கழுத்திலே கட்டி, மூன்று வாரத்துக்கு மேல் மாறாத குரலடைப்பு. இவற்றுள் எது தோன்றினும் அது தவணைக்குரிய வழக்கன்று. காரணம் இன்னதென்று தெரிந்த புண்ணாயின் காரணத்தை நீக்கி 14 நாள் பொறுக்கலாம். பதினைந்தாம் நாளும் அப்புண் அங்கே இருக்குமாயின், அதிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதிக்கவல்ல இடத்துக்கு அனுப்புதல் வேண்டும். அதன்பின் இன்னொரு விற்றமின் துண்டு எழுதுவது வைத்தியமாகாது.

உறைப்புத் தாங்காமை என்பதையும் எளிதாக எண்ணற்க. பாக்கு மட்டும் மெல்லுவோரின் வாயிலும், புகையிலை சேராமலே, கொடுப்பின் உட்தசை மெல்ல மெல்ல இறுகி வெளிறி நாராகிவிடும் நோயொன்று உண்டு. அதன் முதற்குறி கறியின் உறைப்பு எரிவதாகும். பின்னர் வாய் திறக்க இயலாது போகும். தம் மூன்று விரல்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே செலுத்த இயலாதவர் பல் வைத்தியரைக் காணுதல் வேண்டும். அந்த இறுக்கம் முழுமையாக மீளுவதில்லை. அதிலிருந்து புற்றுநோய் எழுதலும் உண்டு. பாக்கு தானே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் ஐயமின்றி உரைத்துவிட்டது.

வெற்றிலையைப்பற்றிப் பேசினால் பண்பாட்டின்மீது கைவைப்பதாகச் சிலர் சினங்கொள்வர். திருமணத்திலும் கோவிலிலும் தட்டத்திலே வெற்றிலை பாக்கு வைப்பதை எவரும் மறுக்கவில்லை. தட்டத்தில் வைப்பது வேறு. புகையிலையுஞ் சுண்ணாம்புஞ் சேர்த்து இரவு முழுதும் கொடுப்பில் அடக்கிவைப்பது வேறு. பண்பாடு என்ற பெயரில் இப்போது பள்ளி மாணவர் கைக்குப் போய்ச் சேர்வது தாம்பூலமும் அன்று. மாவா என்றும் வேறு பெயர்களாலும் விற்கப்படும் கலவையே அது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதைக் குற்றமாக்கியது. சுவையோ நிறமோ இனிப்போ சேர்த்த புகையற்ற புகையிலைக் கலவைகளை 2016ஆம் ஆண்டு ஒழுங்குவிதி தடைசெய்தது. சட்டத்தின் வாசகம் நன்று. ஆனால் சுவையூட்டாத புகையிலையும் வெறும் பாக்கும் அத்தடைக்குப் புறம்பே நிற்கின்றன. கடைக்காரர் பொதியைப் பிரித்து விற்றால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ள நேர்கிறது. சட்டத்தாலே தீராத இக்குறை வைத்தியசாலையிலே தீர்க்கப்படவேண்டியதாகிறது.

தீர்க்க இயலுமா? இயலும் என்பதற்குச் சான்று இந்நாட்டிலேயே உண்டு. சிறிது காலப் பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளர், கிராமத்து மக்கள் 28,000 பேருக்கு மேற்பட்டோரின் வாயைப் பார்த்து, 1,200க்கு மேற்பட்டோரிடம் ஐயத்துக்கிடமான குறிகளைக் கண்டனர். அந்த ஆய்வு 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டிலே வெளிவந்தது. பட்டம் பெற்ற நிபுணர் அல்லர். கிராமத்திலே உழைக்கும் சாதாரண பணியாளர். உலகம் அதனைப் படித்தது. நாம் என்ன செய்தோம்?

கேரளத்தார் செய்து காட்டினர். திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துக்களில் 1996இல் தொடங்கிய பெரும் ஆய்வொன்றிலே, பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தனர். அதன் பெறுபேறு 2005இல் வெளிவந்தது: புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்றுநோயால் நேரும் இறப்பு 34 வீதம் குறைந்தது. ஒல்லாந்தர் காலந்தொட்டு யாழ்ப்பாணத்துப் புகையிலையைக் கப்பலேற்றித் திருவிதாங்கூருக்கு விற்றுச் செல்வம் சேர்த்தவர் எமது முன்னோர். அத்திருவிதாங்கூர் மண்ணிலிருந்தே அந்நோய்க்குரிய மருந்தும் வந்திருக்கிறது. புகையிலையை அனுப்பிய நாம் பாடத்தைப் பெற்றுக்கொள்ள வெட்கப்படவேண்டியதில்லை.

ஆனால் 1984இன் ஆய்விலே கசப்பான ஒரு செய்தியும் உண்டு. எமது வாதத்தின் உயிர்நிலையும் அதுவே. மேற்சோதனைக்கென அனுப்பப்பட்டோரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே உரிய இடத்துக்குச் சென்றனர். மற்றையோர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டனர். நோயைக் காண்பது எளிது. கண்ட நோயாளியை வாசல் கடத்துவதே அரிது. அன்றும் இதுவே, இன்றும் இதுவே.

துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் ஒருவருக்கு யாழ்ப்பாணம் செல்லும்படி துண்டு எழுதுவோர், அத்துண்டின் விலையை எண்ணிப் பார்த்ததுண்டா? விடியுமுன் பேருந்து, துணைக்கு ஒருவர், இருவருக்கும் ஒரு நாட் கூலி இழப்பு, அங்கே போனால், அடுத்த கிழமை வாருங்கள் என்னும் மறுமொழி. வயலில் நீர் பாயும் முறை அன்றைக்கே வந்துவிட்டால் எவர் போவார்? முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழை 100 கிலோமீற்றருக்கு மேல். அங்கே புற்றுநோய்க்கெனக் கட்டிடம் எழும்பப் பணம் சேர்ப்பதற்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சிங்களரும் தமிழரும் கால்நடையாக நடந்தனர். இத்தீவை நீளவாக்கில் நடந்து கட்டிய மனையின் வாசலுக்கு, அண்டை மாவட்டத்து நோயாளி பேருந்துக் காசில்லாமற் போய்ச் சேராதிருத்தல் எத்துணை அவலம்!

ஆகவே துண்டு எழுதுவதோடு கடமை தீர்ந்தது என்னும் எண்ணம் முதலில் ஒழிதல் வேண்டும். நீதிமன்றம் அழைப்பாணை விடுத்தால் அது சேர்ந்ததா என்று பிஸ்கால் அறிக்கை தருகிறார். சேராவிடின் மீண்டும் விடுக்கப்படுகிறது. நோயாளிக்கு எழுதிய துண்டு உரிய இடம் சேர்ந்ததா என்று கேட்பார் யார்? ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் வாய்ப்புண்ணுக்கென ஒரு பதிவேடு வேண்டும்: பெயர், புண் தொடங்கிய நாள், எங்கே அனுப்பப்பட்டார், போனாரா. இரண்டு கிழமைக்குள் மறுமொழி வராவிடின் அவ்வூர்க் குடும்பநல மருத்துவமாதோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ வீட்டுக்குச் சென்று கேட்டல் வேண்டும். தொலைபேசி இல்லாத வீடு இப்போது அரிது. ஓர் அழைப்புக்கு எத்தனை காசு? பல் வைத்தியரும் வாய், தாடை அறுவை நிபுணரும் மாதத்தில் குறித்த ஒரு நாளிலேனும் வன்னியின் ஆதார வைத்தியசாலைகளுக்கு வருதல் வேண்டும். நூறு நோயாளர் நூறு கிலோமீற்றர் போவதினும் ஒரு நிபுணர் நூறு கிலோமீற்றர் வருவது எளிதன்றோ?

தொண்டை நோவிலும் காலத்தின் கணக்கு உண்டு. அது இன்னும் குறுகியது. தொண்டை நோவுகளிற் பெரும்பாலானவை வைரசினால் வருவன. மூக்கொழுகும், இருமும், குரல் கம்மும், ஒரு கிழமையில் மாறும். அதற்கு நோவு மாத்திரையும் இளஞ்சூட்டு உப்புநீரும் ஓய்வும் போதும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அதனை ஒரு நாளும் விரைவாக மாற்றாது. ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் கிருமியால் வருவது வேறு. காய்ச்சல் எழும், இருமல் இராது, தொன்சில் வீங்கி வெண்சீழ் படியும், தாடைக்குக் கீழ் நெறி கட்டித் தொட்டால் நோகும். இந்நான்கு குறிகளை 1981இல் அமெரிக்க வைத்தியர் சென்ரரும் அவருடன் உழைத்தோரும் வளர்ந்தோர்க்கென வகுத்தனர். பின்னர் அவை வயதைக் கணக்கிலெடுத்துப் பிள்ளைகளுக்கும் ஏற்பத் திருத்தப்பட்டன. இரத்தச் சோதனையோ ஆய்வுகூடமோ இல்லாத இடத்திலும் கண்ணும் விரலுமே இவற்றைக் காண வல்லன.

ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இக்குறிகள் கூடி நிற்குமாயின் பெனிசிலின் வேண்டும். ஒவ்வாமை உண்டா என்று கேட்டபின் ஓர் ஊசி, அல்லது 10 நாள் மாத்திரை. நோவு தொடங்கி 9 நாளுக்குள் இம்மருந்து கிடைத்தால் மூட்டுவாதக் காய்ச்சல் வராது தடுக்கலாம். தவறினால் இரண்டு மூன்று கிழமையின் பின் முழங்கால் வீங்கும். அது மாறி மணிக்கட்டு வீங்கும். விழுந்த அடியென்று எண்ணி எண்ணெய் பூசுவோம். உள்ளே இதய வால்வு புண்படுவது கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை இக்காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பல ஆண்டுகள் பெனிசிலின் ஊசி போடுதல் வேண்டும். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009இற் செட்டிகுளத்து முகாம்களிலே நெருங்கிக் கிடந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தாய்மாரும் தந்தைமாருமாக இருக்கின்றனர். நெருக்கமான உறைவிடம் இக்கிருமிக்கு உகந்த நிலம். மூச்சு வாங்குகிறது என்று கருவுற்ற இளம்பெண் கூறினால், இரத்தக் குறைவு என்று மட்டும் முடிவுகட்டாது, நெஞ்சிலே குழாய் வைத்துக் கேளுங்கள் என்பதே எமது வேண்டுகோள். 2018 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவையே இந்நோயை ஒழிக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானம் தருமபுரத்துக்கும் முழங்காவிலுக்கும் வந்துசேர இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

மருந்து வேண்டிய பிள்ளைக்கு மருந்து கிடையாதிருக்க, வேண்டாதோர்க்கு அது தாராளமாகக் கிடைப்பது இன்னொரு விந்தை. தொண்டை நோகிறது என்றதும் மருந்துக்கடையிலே அமொக்சிசிலின் நாலு குளிசை வாங்கி விழுங்குவோர் எம்மிடையே படித்தோரிலும் உளர். நுண்ணுயிர்க்கொல்லிகள் வைத்தியரின் துண்டின்றி விற்கப்படலாகாது என்பதே இந்நாட்டுச் சட்டம். குறைக் கணக்கில் விழுங்கும் மருந்து கிருமியைக் கொல்வதில்லை. அதற்குப் பயிற்சி அளிக்கிறது.

வெளிநோயாளர் மேசையிலே கேட்கவேண்டிய கேள்வியொன்று உண்டு: "வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள்?" தைரொயிட்டுக்குக் கார்பிமசோல் எடுப்பவர் காய்ச்சலுடன் தொண்டை நோவு என்று வந்தால், அம்மருந்தை நிறுத்தி, அன்றைக்கே வெண்குருதிக் கல எண்ணிக்கை பார்த்தல் வேண்டும், அவ்வணுக்கள் அற்றுப்போயிருந்தால் அத்தொண்டை நோவே உயிர்க்கு உலையாகும். மூட்டு நோய்க்குக் கிழமைக்கொருமுறை எடுக்கவேண்டிய மெதோத்ரெக்சேற்றை நாடோறும் எடுத்துவிட்டவரின் வாய் வெந்து புண்ணாகும். இவ்விரண்டையும் வெறும் வாய்ப்புண், வெறும் தொண்டை நோவு என்று அனுப்பிவைத்தால் ஆளையே அனுப்பிவைத்ததாகும். வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க இயலாது வடிதல், சூடான உருளைக்கிழங்கை வாயில் வைத்தவர்போற் பேச்சு, மூச்சிலே இரைச்சல் ஆகியனவும் வரிசையிலே காத்திருக்கத் தக்கன அல்ல.

இனி அரசினரிடம் எமது கேள்வி. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் நிறைவேறியது. அதனாற் சேர்க்கப்பட்ட ஒன்பதாம் அட்டவணையின் முதலாம் நிரல், போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு நோக்கத்துக்கென அமைந்த வைத்தியசாலைகளும் நீங்கலாக, பொது வைத்தியசாலைகளையும் கிராமிய வைத்தியசாலைகளையும் மருந்தகங்களையும் பொதுச் சுகாதாரத்தையும் மாகாணத்துக்கே உரியனவாக்கியது. வட மாகாண சபைக்கு முதற்றேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அச்சபையின் காலம் முடிந்தது 2018 ஒக்டோபரில். அதன்பின் மக்களாற் றெரிவுசெய்யப்பட்ட சுகாதார அமைச்சர் ஒருவரிடம் இக்குறையைச் சொல்லும் வழியை அடைத்தோர் யார்? ஆளுநரின் அலுவலகத்துக்கு மனு எழுதலாம். மனுவுக்கு விடை வரலாம், வராமலும் போகலாம். அமைச்சரைப்போல் அடுத்த தேர்தலில் அவரைக் கேள்வி கேட்க இயலாது. வாய்ப்புண் அரசியலாகுமா என்று தொடக்கத்திற் கேட்டோமன்றோ? இதோ ஆகிவிட்டது.

மொழியையும் சொல்லாதிருத்தல் இயலாது. தெற்கிலிருந்து வந்து வன்னியிலே பணிபுரியும் சிங்கள வைத்தியர் பலர். வந்தோரை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் "உறைப்பு எரியுது", "கொடுப்புக்கை ஒரு தடிப்பு" என்று எமது முதியவர் சொல்வதன் பொருள் அவர்க்கு விளங்காவிடின், நோயின் முதற்சாட்சியமே பதிவாகாது போகிறது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் வடக்கிலே தமிழை நிருவாக மொழியாக்கியது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாவிடில் வழக்கை நடத்த மறுப்போம். வைத்தியர் மேசையருகே ஒருவரை இருத்துவதற்கு ஏன் இத்தனை தயக்கம்?

எமது பிரதிநிதிகளிடமும் ஒன்று சொல்வோம். வைத்தியசாலைக்கு அடிக்கல் நாட்டும் விழாவிலே மாலை ஏற்க முந்துவோர், அதே வைத்தியசாலையிற் பதிவேடு உண்டா, பெனிசிலின் ஊசி கையிருப்பில் உண்டா, பல் வைத்தியர் கதிரை பழுதின்றி இருக்கிறதா என்று கேட்டதாக நாம் அறியோம். கட்டிடத்துக்குப் பெயர்க்கல் உண்டு. ரோச் லைற்றுக்குப் பெயர்க்கல் இல்லை. அதுவே காரணமோ?

அரசு செய்யும்வரை காத்திருத்தலும் ஒரு தவணையே. ஆசிரியர்கள் வகுப்பிலே தொண்டை நோவும் காய்ச்சலுமாக இருக்கும் பிள்ளையை மருந்துக்கடைக்கன்றி வைத்தியசாலைக்கு அனுப்பலாம். மூட்டு மாறி மாறி வீங்கும் பிள்ளையின் பெற்றோரை அழைத்துச் சொல்லலாம். வன்னியிலே பணியாற்றும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் பொறியியலாளர்களும் தத்தம் சங்கங்களின் பணத்திலே பேருந்துச் செலவுக்கென ஒரு நிதி வைக்கலாம். மேற்சோதனைத் துண்டு பெற்றவர் அதனைக் காட்டினால் இருவருக்குரிய பயணக் காசு கையிற் கிடைக்கும்படி. பெரிய தொகை வேண்டியதில்லை. வெற்றிலை போடும் கமக்காரர் மாதம் ஒருமுறை முகம் மழிக்கும் கண்ணாடியில், நாவை இருபுறமும் இழுத்து, கொடுப்பை விரலால் விரித்து, நாவின் கீழும் பார்க்கலாம். மனைவியரும் பார்த்தல் வேண்டும். வெற்றிலை போடும் பெண்கள் எமது ஊர்களிற் குறைவல்லர். அவர்களிடம் வாயைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்பாரோ இன்னும் குறைவு.

கமக்காரர் அமைப்புகள் ஒவ்வொரு போகத்துக்கும் முன் கூடுகின்றன. குளத்தில் எத்தனை அடி நீர், எத்தனை ஏக்கர் விதைப்பு, எந்நாள் வாய்க்கால் திறப்பு என்று அங்கே முடிவாகிறது. அரசாங்க அதிபர் தொடக்கம் நீர்ப்பாசன உத்தியோகத்தர் வரை அங்கே வருகின்றனர். ஆண்கள் நூற்றுக்கணக்கில் ஓரிடத்திற் சேருவது அன்றைக்கே. இரணைமடுவின்கீழும் முத்தையன்கட்டின்கீழும் வவுனிக்குளத்தின்கீழும் பாவற்குளத்தின்கீழும் வரும் காலபோகக் கூட்டம் கூடும் மண்டபத்தின் வாசலிலே ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பல் வைத்தியர், ஒரு ரோச் லைற், ஒரு பதிவேடு வைக்கும்படி மாகாண சுகாதாரத் திணைக்களத்தை எழுத்திற் கேட்கின்றோம். எந்தக் குளத்தின்கீழ் எந்த நாள் என்பதைத் திணைக்களம் அறிவித்தால் அதனை இவ்விதழின் முதற்பக்கத்திலே கட்டணமின்றி வெளியிடுவோம். அறிவிக்காவிடின் அதனையும் அதே இடத்தில் வெளியிடுவோம்.